ஐஸை உருக்கும் முன் அளந்துவிடுங்கள்: ஃப்ரிட்ஜ் டீஃப்ராஸ்ட் பழுது பார்ப்பது எப்படி

ஃப்ரீசரில் வைத்தது கல்லாக உறைந்திருக்கிறது, கீழ் அறையில் வைத்த பால் மட்டும் திரிந்துபோகிறது. ஃப்ரிட்ஜை ஒரு நாள் முழுக்க நிறுத்திவிட்டுப் போட்டால் புதுசு மாதிரி குளிர்கிறது. ஒரு வாரமோ பத்து நாளோ போனதும் மறுபடி அதே தொல்லை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கம்ப்ரெசரையும் கேஸையும் சந்தேகப்பட வேண்டாம். டீஃப்ராஸ்ட், அதாவது உள்ளே படியும் பனியைத் தானாக உருக்கும் ஏற்பாடு, படுத்துவிட்டது.

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது ஐஸை உருக்குவது. அதுதான் தப்பு. எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதற்கான சாட்சியே அந்த ஐஸ்தான். அது உருகிவிட்டால் ஒரு பாகத்தை இருந்த இடத்தில் வைத்தே சோதிக்க முடியாமல் போகும். ஏன் என்று கீழே வருகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

பெரும்பாலான ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல்களில் கூலிங் காயில் ஒன்றே ஒன்றுதான். ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் இருக்கும். ஒரு ஃபேன் அதன் வழியாகக் காற்றை இழுத்து, கொஞ்சத்தை ஃப்ரீசருக்கும் மீதியை டக்ட் வழியாகக் கீழ் அறைக்கும் அனுப்புகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே நுழையும் ஈரம் காயிலில் பனியாகப் படிகிறது. கம்ப்ரெசர் 6 முதல் 12 மணி நேரம் ஓடி முடித்ததும் டைமரோ எலக்ட்ரானிக் போர்டோ அதை நிறுத்திவிட்டு, காயிலுக்கு அடியில் உள்ள ஹீட்டரைப் போடும். 20 முதல் 30 நிமிடத்தில் பனி உருகி, டிரெயின் துளை வழியாக இறங்கி, கம்ப்ரெசருக்கு மேலே உள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும்.

ஹீட்டர் ஓடாவிட்டால் பனி மேல் பனி சேர்ந்து காயிலின் தகடுகளுக்கு இடையே உள்ள சந்து அடைபடும். ஃப்ரீசர் காயிலை ஒட்டியே இருப்பதால் சில நாள் தாக்குப்பிடிக்கும். டக்ட் வழியாக வர வேண்டிய காற்றை நம்பியிருக்கும் கீழ் அறை முதலில் சூடாகும். இன்னும் விட்டால் ஐஸ் வளர்ந்து ஃபேன் இறக்கையைத் தொட்டு, கரகரவென்று சத்தம் வரும். ஃபேன் போய்விட்டது என்று புது ஃபேன் போட்டுவிட்டு, அடுத்த வாரமே அதே சத்தத்தைக் கேட்பவர்கள் உண்டு.

ஹீட்டரைத் தனியாக விடுவதில்லை. அதோடு தொடராக இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். ஒன்று பைமெட்டல். காயில் நன்றாகக் குளிர்ந்தால் (சுமார் மைனஸ் 5, மைனஸ் 7 டிகிரி) இணைப்பைக் கொடுக்கும். உருகி 10, 13 டிகிரிக்கு வந்ததும் துண்டித்துவிடும். இன்னொன்று தெர்மல் ஃப்யூஸ். 70 டிகிரியைத் தாண்டினால் ஒரேயடியாக அறுந்துவிடும், மறுபடி சேராது. இரண்டும் ஒரே செட்டாக வருவதும் உண்டு. போர்டு உள்ள இன்வெர்ட்டர் மாடல்களில் பைமெட்டலுக்குப் பதில் சென்சார் ஒன்று காயிலின் வெப்பநிலையைப் பார்த்து போர்டுக்குச் சொல்லும். ஃப்யூஸ் அங்கும் இருக்கும்.

மின்சாரம் ஒரே வரிசையில்தான் போகிறது: டைமர் அல்லது போர்டு, பைமெட்டல், ஃப்யூஸ், ஹீட்டர். ஒன்று அறுந்தாலும் டீஃப்ராஸ்ட் முழுக்க நின்றுவிடும். நான்கையும் வாங்கி மாற்றுவது வீண் செலவு.

பிரிப்பதற்கு முன்

ஒரு மல்டிமீட்டர் வேண்டும். ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், லாக்கை நெம்ப ஒரு பிளாஸ்டிக் கத்தி, பழைய துண்டுகள் நாலைந்து, ஒரு சிரிஞ்ச். ஆம்பியர் பார்க்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் நல்லது.

பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் மாடல் என்றால் போர்டில் உள்ள கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சில நிமிடம் தேங்கி நிற்கும். போர்டுப் பெட்டியைத் திறக்கும் முன் 10 நிமிடம் பொறுங்கள், திறந்த பிறகும் சாலிடர் பக்கத்தைத் தொடாதீர்கள்.

பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளையும் படியுங்கள். ஆர்-600ஏ என்று இருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், எளிதில் தீப்பற்றும் கேஸ். காயிலை ஓட்டை போட்டுவிட்டால் கேஸ் போவதோடு நிற்காது. அதனால் கத்தி, ஸ்க்ரூ டிரைவர், கரண்டிக் காம்பு எதையும் வைத்து ஐஸைக் குத்தக் கூடாது. கேஸ் எந்த வகையாக இருந்தாலும் இந்த விதி ஒன்றுதான். காயில் மெல்லிய அலுமினியம். ஒரு கீறலில் முழு ஃப்ரிட்ஜும் போய்விடும்.

பலகையைக் கழற்றி, பனியைப் பாருங்கள்

ஃப்ரீசரைக் காலி செய்து, தட்டுகளை எடுத்துவிட்டுப் பின்பலகையின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூ ஒன்று எப்போதும் இருக்கும். பலகை ஐஸோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், லாக் உடைந்துவிடும். ஒரு கிண்ணம் வெந்நீரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி 15 நிமிடம் விட்டால் ஒட்டு விடும். ஃபேன் வயர் பலகையோடு வரும். கனெக்டரைக் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பனி எப்படி இருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள்.

காயில் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, வெள்ளைச் சுவர் மாதிரி மூடியிருந்தால் ஹீட்டர் ஓடவே இல்லை. அளக்க வேண்டியதுதான் அடுத்த வேலை.

மேலே ஒன்றிரண்டு வரிசையில் மட்டும், அல்லது கேஸ் நுழையும் இடத்தில் பந்து மாதிரி பனி, மற்ற குழாயெல்லாம் வெறுமையாக இருந்தால் அது கேஸ் குறைவு அல்லது அடைப்பு. டீஃப்ராஸ்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பலகையை மாட்டிவிட்டு கேஸ் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

காயில் சுத்தமாக இருந்து, ஃப்ரீசரின் தரையில் மட்டும் கண்ணாடி மாதிரி ஐஸ் பாளம் இருந்தால் ஹீட்டர் ஒழுங்காக ஓடுகிறது, டிரெயின் அடைத்திருக்கிறது. கீழ் அறைக்குள் தண்ணீர் சொட்டுவதும் இந்தப் பழுதுதான்.

கதவின் ஓரத்தில் பஞ்சு மாதிரி பனி இருந்தால் ரப்பர் கேஸ்கட் காற்று விடுகிறது. கேஸ்கட்டைச் சரிசெய்யாமல் ஹீட்டரை மாற்றினாலும் வரும் ஈரத்தை அதனால் சமாளிக்க முடியாது.

ஒரே ஒரு மூலையில் மட்டும் கெட்டி ஐஸ் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இரண்டு ஹீட்டர் உள்ள மாடலில் ஒன்று போயிருக்கலாம். பைமெட்டல் கழன்று ஹீட்டர் பக்கம் சரிந்து, சீக்கிரமே சூடாகி, உருகி முடிவதற்குள் துண்டித்திருக்கலாம். இதை மீட்டர் சொல்லாது, கண்தான் சொல்லும்.

ஒரே அளவில் மூன்று பாகம்

ஹீட்டரும் பைமெட்டலும் ஃப்யூஸும் சேர்ந்து போர்டுப் பக்கம் போகும் கனெக்டர் வழக்கமாகக் காயிலின் மேல் மூலையில் இருக்கும். அந்த மூலையில் மட்டும் வெந்நீரில் நனைத்த துணியை வைத்து ஐஸை விடுவியுங்கள். பைமெட்டல் மேல் சூடு படக் கூடாது.

கனெக்டரைக் கழற்றி, மீட்டரை 2000 ஓம் ரேஞ்சில் வைத்து, ஹீட்டர் லைனின் இரு முனைகளிலும் மீட்டரின் இரு பின்களையும் வையுங்கள். காயில் இன்னும் உறைந்திருப்பதால் பைமெட்டல் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே மீட்டரில் ஹீட்டரின் ஓம்ஸ் வர வேண்டும்.

எவ்வளவு வர வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஹீட்டரில் எழுதியுள்ள வாட்ஸால் வகுங்கள். 230 வோல்ட்டில் 150 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 350 ஓம். 200 வாட் என்றால் சுமார் 265. 120 வோல்ட் உள்ள நாடுகளில் 400 வாட் ஹீட்டருக்கு 36 ஓம்தான் வரும். பத்து சதவீதம் முன்பின் இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

இந்த அளவு வந்துவிட்டால் மூன்று பாகமும் நன்றாக இருக்கின்றன என்று ஒரே சோதனையில் தெரிந்துவிடும். குற்றவாளி டைமர் அல்லது போர்டு, சென்சார் மாடலில் சென்சாரும் சேர்த்து. மீட்டர் ஒன்றும் காட்டாமல் திறந்து நின்றால், மூன்றில் ஒன்று அறுந்திருக்கிறது. தனித்தனியாகப் பாருங்கள்.

ஃப்யூஸ் எந்தச் சூழலிலும் கண்டின்யூட்டி (இணைப்பு அறுபடாமல் இருப்பது) காட்ட வேண்டும், பீப் அடிக்காவிட்டால் போய்விட்டது. ஹீட்டரைத் தனியாக அளந்து மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிடுங்கள். கண்ணாடிக் குழாய் ஹீட்டராக இருந்தால் உள்ளே கறுத்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொரு சோதனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: மீட்டரின் ஒரு பின் ஹீட்டர் முனையில், இன்னொன்று காயில் தகட்டில். எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் ஹீட்டரிலிருந்து மின்சாரம் பாடிக்குக் கசிகிறது. வீட்டில் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் எட்டு பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை காரணமே இல்லாமல் ட்ரிப் ஆகிறது என்றால் பெரும்பாலும் இந்த ஹீட்டர்தான்.

பைமெட்டலில்தான் ஏமாற்றம் அதிகம். ஐஸை முழுக்க உருக்கிவிட்டு, அறை வெப்பத்தில் இதை அளந்தால் திறந்துதான் இருக்கும். அது பழுதில்லை, அதன் வேலையே அதுதான். அதைப் போய்விட்டது என்று தூக்கி எறிந்துவிட்டு, அறுந்த ஃப்யூஸை அப்படியே விட்டவர்கள் ஏராளம். உருக்கிவிட்ட பிறகு சோதிக்க வேண்டிய கட்டாயம் வந்தால் வெறும் ஐஸ் தண்ணீர் உதவாது, அது 0 டிகிரிக்குக் கீழே போகாது. நொறுக்கிய ஐஸில் மூன்றில் ஒரு பங்கு கல்லுப்பு கலந்தால் மைனஸ் 10-ஐத் தாண்டும். பைமெட்டலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அதில் 10 நிமிடம் புதைத்து, வெளியே எடுக்காமலே அளக்க வேண்டும். பீப் வந்தால் நல்லது. எடுத்துக் கையில் வைத்திருந்தால் சிறிது நேரத்தில் டிக் என்று விடுபட வேண்டும். விடுபடாமல் பீப் அடித்துக்கொண்டே இருந்தால் அது ஒட்டிக்கொண்டது, ஆபத்து.

அளக்காமலே பைமெட்டலைக் கண்டுபிடிக்கும் ஒரு அடையாளமும் உண்டு. அதன் தட்டையான பிளாஸ்டிக் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் உப்பி, சின்னக் கொப்புளம் மாதிரி தட்டுப்பட்டால் உள்ளே தண்ணீர் புகுந்து உறைந்திருக்கிறது. மீட்டர் என்ன சொன்னாலும் மாற்றிவிடுங்கள்.

ஃப்யூஸ் அறுந்திருந்தால் அதோடு நிறுத்தாதீர்கள்

ஃப்யூஸ் சும்மா அறுவதில்லை. பழசாகி அறுவதும் உண்டுதான், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது துண்டிக்காமல் ஒட்டிக்கொண்ட பைமெட்டலை. போர்டு மாடலில் ஒட்டிக்கொண்ட ரிலேவையும் (ஹீட்டரைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச்), கிளிப்பிலிருந்து கழன்று காற்றில் தொங்கும் சென்சாரையும் பாருங்கள். காரணத்தை விட்டுவிட்டு ஃப்யூஸை மட்டும் மாற்றினால் அது மறுபடியும் போகும்.

ஃப்யூஸை ஒதுக்கி வயரை நேராக இணைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். ஹீட்டர் நிற்காமல் எரிந்தால் பிளாஸ்டிக் உள்சுவர் வளைந்து உருகும். தீப்பற்றும் கேஸ் உள்ள ஃப்ரிட்ஜில் அதற்கு மேல் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. "ரெண்டு நாளைக்கு மட்டும்" என்று செய்த நேரடி இணைப்பு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பதுதான் நடக்கும்.

டைமர்

கைக்கு அடங்கும் பெட்டி, நாலு முனை, நடுவில் ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருப்பும் பள்ளம். கீழ் அறையின் கூரையில் தெர்மோஸ்டாட் பெட்டிக்குள்ளோ, கம்ப்ரெசர் பக்கத்திலோ இருக்கும். எந்த முனை எதற்கு என்று அதன் முதுகில் படம் போட்டிருக்கும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் படத்தையே நம்புங்கள்.

பிளக்கைப் போட்டு, கம்ப்ரெசர் ஓடும்போது, காப்பிட்ட பிடியுள்ள டிரைவரால் பள்ளத்தை வலஞ்சுழியாக மெல்லத் திருப்புங்கள். டிக் என்ற சத்தத்தோடு கம்ப்ரெசர் நின்றால் டீஃப்ராஸ்ட் தொடங்கியிருக்கிறது. எதிர்த்திசையில் திருப்பினால் உள்ளே பல் உடையும். கிளாம்ப் மீட்டரை லைன் வயரில் மட்டும் மாட்டினால், 150 வாட் ஹீட்டருக்கு 230 வோல்ட்டில் சுமார் 0.65 ஆம்பியர், 200 வாட்டுக்கு 0.87 காட்டும். கம்ப்ரெசரும் ஏறத்தாழ இதே அளவு இழுக்கலாம் என்பதால், அது நின்றிருக்கிறதா என்று காது கொடுத்து உறுதிசெய்துகொண்டு எண்ணைப் படியுங்கள்.

இப்படிக் கையால் திருப்பினால் ஹீட்டர் ஓடி, தானாக அந்த நிலைக்கு வராமல் போனால் டைமர் மோட்டார் நின்றுவிட்டது. பள்ளத்தில் ஒரு கோடு போட்டு வைத்து, கம்ப்ரெசர் ஓடும்போது சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோடு நகராவிட்டால் புது டைமர். ஒரு எச்சரிக்கை: சில வயரிங்கில் டைமர் மோட்டாருக்கே ஹீட்டர் வழியாகத்தான் நியூட்ரல் வரும். ஃப்யூஸோ ஹீட்டரோ அறுந்தால் டைமரும் நின்றுவிடும். அதனால்தான் டைமரை வாங்கும் முன் ஹீட்டர் லைனை அளக்கச் சொல்வது.

டைமர் டீஃப்ராஸ்ட் நிலையிலேயே மாட்டிக்கொள்வதும் நடக்கும். அப்போது விளக்கு எரியும், கம்ப்ரெசர் கிளம்பவே கிளம்பாது, இரண்டு அறையும் சூடாகும். கம்ப்ரெசர் போய்விட்டது என்று யாராவது சொன்னால், டைமரை ஒரு டிக் திருப்பிப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

போர்டும் சென்சாரும்

சென்சார் குளிரக் குளிர ஓம்ஸ் ஏறும் வகை. எந்த மதிப்பு என்று சர்வீஸ் தாளில் இருக்கும், ஆனால் தாள் இல்லாமலும் பார்க்கலாம். 25 டிகிரியில் ஒருமுறை அளந்துவிட்டு, ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் 5 நிமிடம் வைத்து மறுபடி அளங்கள். 0 டிகிரியில் ஏறத்தாழ 3 மடங்கு வர வேண்டும். ஏறாவிட்டாலோ எண் நிலையில்லாமல் குதித்தாலோ சென்சாரை மாற்றுங்கள். உள்ளே ஈரம் புகுந்த சென்சார் போர்டுக்குத் தப்பான வெப்பநிலையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். போர்டு பாவம், கேட்டதைச் செய்யும்.

சென்சாரும் ஹீட்டர் லைனும் நன்றாக இருந்தால்தான் போர்டைச் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலான மாடல்களில் சில பட்டன்களைச் சேர்த்து அழுத்தி டீஃப்ராஸ்டைக் கட்டாயமாகத் தொடங்க வழி இருக்கும். அந்த நிலையில் கிளாம்ப் மீட்டர் ஹீட்டருக்குரிய ஆம்பியரைக் காட்டாவிட்டால் போர்டில் உள்ள ரிலே அல்லது அதன் சாலிடர். பாகங்களிலேயே விலை கூடியது போர்டு என்பதால் இது கடைசிச் சந்தேகமாகவே இருக்கட்டும்.

உருக்கி, சுத்தம் செய்து, புதுப் பாகம்

அளந்தாயிற்று. இனி பிளக்கை எடுத்துவிட்டு உருக்கலாம். கதவைத் திறந்து டேபிள் ஃபேனை உள்நோக்கி வைத்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் காயில் தெளியும். ஹேர் ட்ரையர் வைத்தால் ஒரு அடி தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல் காட்டுங்கள். பிளாஸ்டிக் சுவர் சட்டென்று நெளிந்துவிடும். கேஸ் கசிவு சந்தேகம் இருந்தால் ட்ரையரைத் தொடவே வேண்டாம். டக்டுக்குள் ஒளிந்திருக்கும் ஐஸ் கண்ணுக்குத் தெரியாது. அவசரம் இல்லையென்றால் 24 மணி நேரம் திறந்து விடுவதே நல்லது.

டிரெயின் துளையில் சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீரை விடுங்கள், கொதிநீர் வேண்டாம். அடைப்பு விடாவிட்டால் வளையும் நைலான் குழாயை மெல்ல நுழைத்துத் தள்ளுங்கள். பின்பக்கம் ட்யூப் முடியும் இடத்தில் வாத்து அலகு மாதிரி ரப்பர் மூக்கு இருந்தால் அதைக் கழற்றிக் கழுவுங்கள்; பாசி மாதிரி வழவழவென்று அடைத்துக்கொள்ளும் இடம் அதுதான். ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினால் ஒரு நிமிடத்துக்குள் கீழ்த்தட்டில் விழும் சத்தம் கேட்க வேண்டும். டிரெயின் அடிக்கடி உறைகிறது என்றால் ஹீட்டரில் சுற்றி, துளைக்குள் இறங்கும் ஒரு அலுமினியத் துண்டு இருந்ததா, கழன்று விழுந்ததா என்று தேடுங்கள். ஹீட்டரின் சூட்டைத் துளைக்குள் கொண்டுபோவது அந்தத் துண்டுதான்.

ஹீட்டர் வாங்கும்போது வாட்டும் நீளமும் பழசுக்குச் சரியாக இருக்கட்டும். வாட் கூடினால் சீக்கிரம் உருகும் என்று பெரியதைப் போட வேண்டாம். பைமெட்டலைப் பழையது இருந்த அதே குழாயில், அதே இடத்தில், இறுக்கமாக மாட்டுங்கள். வயரை ஒட்ட வேண்டி வந்தால் கிரிம்ப் செய்து (உலோக இணைப்பானில் வைத்து நசுக்கி), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டுச் சுருக்குங்கள். வெறும் டேப் அந்த ஈரத்தில் சில மாதம்கூடத் தாங்காது. இணைப்பின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வயரைக் கட்டினால் தண்ணீர் உள்ளே இறங்காது.

பின்பலகையின் ஓரத்தில் உள்ள ஸ்பாஞ்ச் கிழியாமல் மாட்டுங்கள். கிழிந்தால் காற்று காயில் வழியாகப் போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். பழுது பார்த்த பிறகும் குளிர் குறைகிறது என்பவர்களில் சிலருக்குக் காரணம் இந்த ஸ்பாஞ்ச்தான். ஃபேன் கனெக்டரை மறக்க வேண்டாம்.

பிளக்கைப் போட்டதும் பொருள்களை அடைக்காதீர்கள். 24 மணி நேரத்தில் ஃப்ரீசர் மைனஸ் 18, கீழ் அறை 3 முதல் 5 டிகிரிக்கு வர வேண்டும். அதன் பிறகு ஒருமுறை டைமரைத் திருப்பியோ பட்டன் வழியாகவோ டீஃப்ராஸ்டைத் தொடங்கி, டிரெயின் தட்டில் புதிதாகத் தண்ணீர் சேருகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய பழுது தலைகாட்டும் பத்தாம் நாளில் ஃப்ரீசரின் பின்பலகையைக் கையால் தடவிப் பாருங்கள். உலர்ந்து, பனி ஒட்டாமல் இருந்தால் ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.